பல ஆண்டுகள் நலமாக இருந்தவருக்கு எச்.ஐ.வி. எப்படி வந்தது? வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றுமா?

வாவிக்கரை வாசி (மட்டக்களப்பு மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையின் கணவர் வளைகுடா நாடொன்றில் சாரதியாக வேலை செய்துவிட்டுச் சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குத் திரும்பியவர். போகும்போது எடுத்த மெடிக்கலில் எந்தக் குறையும் இருக்கவில்லை. வந்த பிறகும் வயல் வேலை, வீட்டு வேலை, கோயில் சடங்கு என்று எதிலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். கடந்த மாரி முடிந்ததும் இருமல் தொடங்கியது. மாலையானால் காய்ச்சலும் இரவில் சட்டை நனைகிற அளவுக்கு வியர்வையும் வந்தன; ஆளும் மெலிந்து கொண்டே போனார். தனியார் சிகிச்சை நிலையமொன்றில் மாறி மாறிப் பாணி மருந்து கொடுத்தார்களே ஒழியச் சளியைச் சோதிக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் அரசாங்க மார்புநோய்க் கிளினிக்கில்தான் காசநோய் என்று கண்டுபிடித்தார்கள். காசநோயாளர்களுக்கு வழமையாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. சீ.டி.4 எண்ணிக்கை 140 என்று துண்டில் எழுதியிருக்கிறது.

தங்கைக்கும் பரிசோதித்தார்கள், அவருக்குத் தொற்று இல்லை. அவர்களுக்கு நான்கு வயதில் ஓர் ஆண்பிள்ளை இருக்கிறான். தங்கைக்கு இல்லை என்று வந்ததால் வீட்டில் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. மச்சானுடைய அறிக்கைதான் பிழை என்கிறார்கள் சிலர். தங்கைக்கு இனிமேல்தான் தெரியவரும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.

அம்மா அவருக்குத் தனித் தட்டும் தனிக் கோப்பையும் ஒதுக்கிவிட்டார். கோப்பையின் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி ஒன்று வைத்திருக்கிறார். அதை மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல் கழுவிக் கிணற்றடிக் கல்லில் கவிழ்த்து வைக்கிறார். பிள்ளை தகப்பனின் மடியில் ஏறினால் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறார். அம்மாவைக் கோபிக்கவும் என்னால் முடியவில்லை, ஏனென்றால் அவருக்குச் சொல்லச் சரியான விளக்கம் என்னிடமே இல்லை.

இத்தனை ஆண்டு திடகாத்திரமாக இருந்த மனிதரின் உடம்புக்குள் இது எப்படி ஒளிந்திருந்தது, இப்போது திடீரென்று ஏன் வெளிப்பட்டது என்பதை முதலில் அறிய விரும்புகிறேன். தட்டு, கிணறு, கழிவறை, நுளம்பு ஆகியவற்றால் பரவுமா என்பதையும் விபரம் தெரிந்தவர்கள் ஆறுதலுக்காகச் சொல்லாமல் உள்ளபடியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

---

பழைய ஆய்வுகூடத்தார் (அம்பாறை மாவட்டம்) எழுதியது:

தம்பி, அரசாங்க வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். இரண்டாவதற்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

உங்கள் மச்சான் திடகாத்திரமாகத் தெரிந்த அந்த ஆண்டுகளிலேயே வைரசு தன் வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிட்டது. இப்போது நீங்கள் பார்ப்பது அதன் கணக்கு வெளியே வந்த நாளைத்தான்.

உடலுக்குள் புகுந்த எச்.ஐ.வி. முக்கியமாகத் தேடிச் செல்வது, மேற்பரப்பில் சீ.டி.4 என்ற புரதத்தைக் கொண்ட ஒருவகை வெண்குருதிக் கலங்களை. உடம்பின் நிர்ப்பீடனத் தொகுதியில், அதாவது நோயெதிர்ப்புப் படையில், இந்தக் கலங்களின் வேலை கட்டளையிடுவதாகும். கிருமிகளைப் பிடிக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளைத் (அன்டிபொடி) தயாரிக்கும் கலங்களும், தொற்றிய கலங்களைக் கொல்லும் கலங்களும், நுரையீரலில் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து அடைத்து வைக்கும் கலங்களும் இவற்றிடமிருந்து வரும் சமிக்ஞையை நம்பியே இயங்குகின்றன. வைரசு இந்தக் கலத்தின் சீ.டி.4 புரதத்தையும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிடிமானப் புரதத்தையும் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கும் தன் மரபுச் செய்தியை டீ.என்.ஏ.யாக மாற்றி எழுதி, அதைக் கலத்தின் சொந்த டீ.என்.ஏ.யோடு இணைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்தக் கலம் உயிரோடு இருக்கும்வரை வைரசின் செய்தியும் அதற்குள் இருக்கும்.

தொற்றி இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை நோ, உடல் உளைவு, தோலில் சிவந்த தடிப்பு, கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டுதல் ஆகியவை வரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. நமது பக்கத்தில் அப்படியொரு காய்ச்சல் வந்தால் டெங்கு என்று பயப்படுவோம். டெங்கு இல்லை என்று வந்துவிட்டால் பனடோலோடு அதை மறந்துவிடுவோம். உண்மையில் அந்த வாரங்களில்தான் இரத்தத்தில் வைரசு உச்சத்தில் இருக்கும்; ஒரு மில்லிலீற்றரில் பத்து இலட்சத்தையும் தாண்டலாம். பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு மிக அதிகமாக உள்ள காலமும் அதுவே.

அந்த ஆரம்ப வாரங்களில் மிகப் பெரிய சேதம் நடக்கும் இடம் குடல் என்பது பலருக்குத் தெரியாது. நிர்ப்பீடனக் கலங்களில் பெரும் பங்கு குடற்சுவரில்தான் குடியிருக்கிறது. வைரசு அங்குள்ள சீ.டி.4 கலங்களைக் கொத்தாக அழித்துவிடுவதால் குடற்சுவரின் காவல் தளர்ந்து, குடலில் வாழும் பற்றீரியாக்களின் துணுக்குகள் இரத்தத்தில் கசியத் தொடங்குகின்றன. அவற்றைக் கண்ட உடம்பு ஓயாத ஒரு விழிப்பு நிலைக்குப் போகிறது. விழித்தெழுந்த சீ.டி.4 கலங்களில்தான் வைரசு நன்றாகப் பெருகும். அதாவது தன்னைக் காக்க உடம்பு எடுக்கும் முயற்சியே வைரசுக்குத் தீனி போடுகிறது. சிகிச்சை எடுக்காத காலம் நீண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய், சிறுநீரகப் பாதிப்பு, எலும்பு தேய்தல் ஆகியவை மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதற்கு இந்த ஓயாத அழற்சியும் ஒரு காரணம்.

முதற் சில வாரங்கள் கழிந்ததும் உடம்பு வைரசை ஓரளவு அடக்கிவிடும். பிறகு வருவது நீண்ட மௌனக் காலம். சிகிச்சை எடுக்காத ஒருவருக்கு இது சராசரியாக எட்டுப் பத்து ஆண்டுகள் நீளலாம். சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். மௌனம் என்பது வெளியே பார்க்கிறவர்களுக்கு மட்டும். உள்ளே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரசுகள் உருவாகின்றன. மரபுச் செய்தியைப் படியெடுக்கும் அதன் நொதியம் எழுத்துப் பிழை விட்டுக்கொண்டே படியெடுக்கும். பிழையைத் திருத்தும் வசதி அதற்குக் கிடையாது. ஆகவே இன்று உடம்பு ஓர் உருவத்தை அடையாளம் கண்டு பிறபொருளெதிரி செய்து முடிப்பதற்குள் வைரசு வேறோர் உருவத்தில் நிற்கும். நாம் பரிசோதனையில் பிறபொருளெதிரியைக் கண்டு தொற்று உண்டு என்கிறோம், ஆனால் அந்தப் பிறபொருளெதிரியால் நோயாளி பாதுகாக்கப்படுவதில்லை என்பதன் காரணம் இதுதான்.

நலமுள்ள ஒருவரின் சீ.டி.4 எண்ணிக்கை ஒரு கன மில்லிமீற்றருக்குப் பொதுவாக 500 முதல் 1500 வரை இருக்கும். அது 200க்குக் கீழே இறங்கினாலோ, காப்பு நன்றாக இருக்கும் உடம்பில் தலையெடுக்காத சில நோய்கள் தலையெடுத்தாலோ அந்த நிலையைத்தான் எய்ட்ஸ் என்கிறார்கள். காசநோய் 200க்கு வரும்வரை காத்திருப்பதில்லை. சற்று முன்னதாகவும் வரும். வாயிலும் உணவுக் குழாயிலும் வெண்படலமாகப் பங்கசு படர்வது, நியூமோசிஸ்டிஸ் நியூமோனியா, மூளையைத் தாக்கும் டொக்சோபிளாஸ்மா, கிரிப்டோகொக்கஸ் மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக்கை இறங்க இறங்க ஆபத்தின் வகையும் மாறும். 50க்குக் கீழே போனவர்களுக்கு விழித்திரையைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும் வைரசு ஒன்று இருக்கிறது. வேறு சமயத்தில் அது பெரும்பாலானோர் உடம்பில் சும்மா கிடப்பது.

1981 ஜூனில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய நுரையீரல் தொற்று வந்ததாக வெளியான குறிப்பிலிருந்துதான் உலகம் இந்நோயை அறிந்தது. அதாவது வைத்தியர்கள் முதலில் பார்த்தது நோயின் கடைசிக் கட்டத்தை. வைரசைப் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தார் 1983இல் கண்டுபிடித்த பிறகுதான், நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொற்று நடந்திருக்கிறது என்பது துலங்கியது. உலகமே பிந்தித்தான் கண்டது. உங்கள் வீட்டார் காணவில்லை என்பதில் வியப்பில்லை.

---

சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் (மட்டக்களப்பு) எழுதியது:

ஐயா எழுதியதன்மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அம்மாவின் சிவப்புப் புள்ளிக் கோப்பைக்கு வருகிறேன்.

எச்.ஐ.வி. பரவுவதற்கு இரத்தம், விந்து உள்ளிட்ட ஆணின் பாலுறுப்புத் திரவங்கள், பெண்ணின் யோனித் திரவம், மலவாயின் உட்திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். அது இன்னொருவரின் இரத்தத்தையோ, உடலின் உட்புற மென்சவ்வையோ, புண்பட்ட தோலையோ சேரவும் வேண்டும். பாதுகாப்பற்ற உடலுறவு, ஒரே ஊசியைப் பலர் பாவித்தல், தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்படுதல், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பாலூட்டும்போதும் தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லுதல் என்று வழிகள் இவ்வளவுதான். உமிழ்நீர், கண்ணீர், வியர்வை, சிறுநீர் ஆகியவற்றால் பரவுவதில்லை. தட்டிலோ கோப்பையிலோ கிணற்று வாளியிலோ கழிவறையிலோ இந்த வைரசு பெருகாது. உடம்புக்கு வெளியே உலர்ந்தால் தொற்றும் திறனை விரைவில் இழந்துவிடும். பிள்ளை மடியில் இருக்கலாம், முத்தம் கொடுக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். சவர பிளேட்டையும் பற்தூரிகையையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டிலும் அது நல்ல பழக்கம். ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பீ அந்த வழியில் எச்.ஐ.வி.யைவிட இலகுவாகப் பரவும்.

நுளம்பைப் பற்றி எங்கே பேசப் போனாலும் கேட்பார்கள். டெங்கு வைரசு நுளம்பின் உடம்பில் பெருகி அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதால்தான் கடிக்கும்போது நமக்குள் வருகிறது. எச்.ஐ.வி. பெருகுவதற்கு மனிதச் சீ.டி.4 கலம் வேண்டும். நுளம்பில் அது இல்லை. குடித்த இரத்தத்தோடு வைரசும் அதன் வயிற்றில் செரித்துவிடும். நுளம்பு கடிக்கும்போது உள்ளே செலுத்துவது தன் உமிழ்நீரை. முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. நுளம்பால் பரவுமென்றால் நம் மாவட்டத்தில் குழந்தைகளும் கிழவர்களும் சமமாகத் தொற்றுக்குள்ளாகியிருப்பார்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வீட்டில் காற்றால் பரவக்கூடிய நோய் இருக்கத்தான் செய்கிறது, அது காசநோய். அம்மா கோப்பையைப் பிரித்து வைத்தார், சிகிச்சை தொடங்கும்வரை அடைத்த அறையில் இருமிக்கொண்டிருந்தவரோடு எல்லோரும் ஒரே மூச்சைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மருந்து ஒழுங்காக எடுத்தால் பொதுவாக இரண்டு வாரமளவில் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும்; அதுவரை சன்னல்களைத் திறந்து வையுங்கள், அவர் முகக்கவசம் அணியட்டும். பிள்ளையை மட்டும் தாமதிக்காமல் மார்புநோய்க் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காசநோய் வேகமாகவும் கடுமையாகவும் வரும். பிறந்தபோது போட்ட பீ.சீ.ஜீ. ஊசி மூளையைத் தாக்கும் வகையிலிருந்து பெரும்பாலும் காக்குமே தவிர முழுக் காப்புத் தராது. நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தொற்றுக்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்றதற்குப் பயப்படுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

வாவிக்கரை வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினோம். நோயில்லை என்று சொல்லித் தடுப்பு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். சிவப்புப் புள்ளிக் கோப்பை இன்னும் கிணற்றடியில்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளையைக் கூப்பிடுவதை அம்மா நிறுத்திவிட்டார்.

தங்கைக்கு ஏன் தொற்றவில்லை? சீ.டி.4 140 என்பதை வைத்து, இது வெளிநாட்டில் வந்ததா, ஊருக்கு வந்த பின் வந்ததா என்று கணிக்க முடியுமா? மாமா முறையான ஒருவர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். தங்கை எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

---

பழைய ஆய்வுகூடத்தார் எழுதியது:

முடியாது. ஒருவருக்கு ஆண்டுதோறும் எத்தனை குறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்; காசநோய் போன்ற இன்னொரு நோய் வந்தாலும் எண்ணிக்கை தற்காலிகமாக இறங்கும். போகும்போது எடுத்த மெடிக்கலில் இல்லை என்றால் அதன் பிறகோ, மிஞ்சினால் அதற்குச் சற்று முன்போ தொற்றியிருக்கிறது என்பது வரைக்கும்தான் சொல்லலாம். அதற்கப்பால் நாள் குறிக்கிறவர் கதை கட்டுகிறார். அந்த மாமாவிடம் இதை என் பெயரால் சொல்லுங்கள்.

தங்கையின் விடயம் அறிவியலுக்கு முரணானதல்ல. சிகிச்சை எடுக்காத ஆணிடமிருந்து பெண்ணுக்கு, யோனிவழி உறவு ஒன்றில் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்துக்கு எட்டு என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. மலவாய்வழி உறவை ஏற்பவருக்கு அது பத்தாயிரத்துக்கு 138. சிறிய எண் என்று யாரும் துணிந்துவிடக் கூடாது. அது சராசரி மட்டுமே. இருவரில் ஒருவருக்குப் பாலுறுப்பில் புண்ணோ வேறு பாலியல் நோயோ இருந்தாலும், துணைவருக்குத் தொற்று புதிதாக இருந்தாலும் பல மடங்கு ஏறும். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சேரும்போது சிறிய எண்ணும் பெரிதாகிவிடும். கணவனுக்கு இருந்து மனைவிக்கு இல்லாத தம்பதியர் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள்.

ஆனால் தங்கைக்கு இயற்கைக் காப்பு இருக்கிறதென்று எண்ணிவிடாதீர்கள். தொற்றிய உடனேயே பரிசோதனையில் தெரியாது. வைரசின் புரதத்தையும் பிறபொருளெதிரியையும் சேர்த்துத் தேடும் நவீன ஆய்வுகூடப் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள்கள்வரை தேவைப்படலாம். விரலில் குத்திச் செய்யும் துரிதப் பரிசோதனைக்கு மூன்று மாதம்வரை ஆகலாம். கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை செய்து பார்த்தால்தான் மனம் உறுதிப்படும்.

பிள்ளையைப் பற்றி யாரும் குழம்ப வேண்டாம். தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு நேரே போகும் வழி கிடையாது. தாய்வழியாகத்தான் போக முடியும்; தாய்க்கே தொற்று இல்லையே. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கிளினிக்கிலேயே செய்யப்படுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென்று 2019இல் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்ததும் அதனால்தான். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றக்கூடிய இடத்தில், குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாய்ப் போய்ப் பதிந்த பதிவுகள் செய்த வேலை அது. இதற்கு இன்னும் பெரிய பாராட்டுக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

---

அக்கரைப்பற்று வாசகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் பக்கத்தில் சுன்னத் செய்தவர்களுக்கு இந்நோய் வராது என்று சிலர் பேசுகிறார்கள். அதேபோல் கோயில்களில் அலகு குத்துவதாலும் முள்ளுக்காவடி எடுப்பதாலும் பரவும் என்றும் சொல்கிறார்கள். இவற்றில் எவ்வளவு உண்மை?

---

சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் எழுதியது:

வஅலைக்கும் ஸலாம். தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள், சுன்னத் செய்த ஆண்களுக்குப் பெண்ணிடமிருந்து தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 வீதம் குறைகிறது என்று காட்டின. நுனித்தோலின் உட்புறத்தில் வைரசு தேடும் கலங்கள் செறிந்திருப்பது அதற்கொரு காரணம். மீதி 40 வீதம் அப்படியே இருக்கிறது. மனைவிக்கு அந்தக் காப்பு நேரடியாகப் போய்ச் சேர்வதுமில்லை. ஆகவே வராது என்பது பொய், குறையும் என்பது மெய். ஆணுறைக்கு அது மாற்றாகாது.

அலகையும் முள்ளையும் ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தாமலும், கிருமியழித்தும் பாவித்தால் பயமில்லை. பகிர்ந்தால் எச்.ஐ.வி.யைவிட ஹெப்பற்றைற்றிஸ் பீயும் சீயும் முந்திக்கொள்ளும். நேர்த்திக்கடன் எடுக்கிறவர்கள் தங்களுக்கென்று புதியதை வாங்கிக் கொண்டுபோவது நல்லது.

---

பெயர் வேண்டாம் (கிழக்கு மாகாணம்) எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். நான் தொற்றுடன் பல ஆண்டுகளாக வாழ்கிறவன். வேலைக்குப் போகிறேன், சைக்கிளில் நாற்பதடி உயரப் பாலமும் ஏறுகிறேன். உங்கள் மச்சானிடம் காட்டுவதென்றால் காட்டுங்கள்.

குளிசை இலவசம். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய இடங்களில் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்துத் தயங்கிப் பல பேர் வாசலிலிருந்தே திரும்புகிறார்கள். நானும் முதல் நாள் எதிர்ப்பக்கக் கடையில் தேநீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். உள்ளே இருப்பவர்கள் உங்கள் விபரத்தை வெளியே விடுவதில்லை.

மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த குளிசை ஒன்று, நாளுக்கு ஒருதரம். ஒரு மருந்து வைரசு தன் செய்தியை மாற்றி எழுதுவதையும், இன்னொன்று அதைக் கலத்தின் டீ.என்.ஏ.யோடு ஒட்டுவதையும் தடுப்பதாக எனக்கு விளக்கினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தடுத்தால்தான் வைரசு உருமாறித் தப்ப முடியாது. அதனால்தான் விட்டுவிட்டுக் குடிக்கக் கூடாது. இரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருக்கும் நாள்கள்தான் எதிர்ப்புள்ள வைரசு தேறி எழும் நாள்கள். நான் இரவுச் செய்தி முடிந்ததும் குடிப்பேன். பயணம் போகும்போது போத்தல் பைக்குள் கிலுகிலுத்து, பஸ்ஸில் பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து போத்தலுக்குள் பஞ்சு அடைத்து வைக்கிறேன்.

பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் வைரசின் அளவு பரிசோதனையில் காணமுடியாத நிலைக்கு இறங்கிவிடும். அப்படியே தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை. ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான தம்பதியரை வைத்து நடந்த, 2019இல் முடிவு வெளியான ஆய்விலும் அப்படித் தொற்றியதாக ஒன்றுகூட இல்லை. அந்த நிலை வரும்வரை ஆணுறை கட்டாயம். தங்கைக்கு முற்காப்புக் குளிசை தேவையா என்பதையும் கிளினிக்கில் கேளுங்கள். ஆனால் குளிசையை விட்டால் வைரசு சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். ஐயா மேலே எழுதியதுபோல் கலத்தின் டீ.என்.ஏ.யோடு ஒட்டிக்கொண்டு உறங்குகிற வைரசை மருந்து எட்டுவதில்லை.

---

வாவிக்கரை வாசி எழுதியது:

மச்சானிடம் இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். பஸ் கதையைக் கேட்டுப் பல நாள்களுக்குப் பிறகு சிரித்தார். இன்னும் ஒரேயொரு கேள்வி. காசநோய் மருந்தை உடனே தொடங்கியவர்கள் எச்.ஐ.வி. குளிசையைச் சற்றுப் பொறுத்துத் தருகிறோம் என்றார்கள். நோய் முற்றியவருக்கு ஏன் தாமதம்? மருந்து தொடங்கினால் நோய் கூடும் என்று யாரோ அவரிடம் சொல்லியும் இருக்கிறார்கள்.

---

பழைய ஆய்வுகூடத்தார் எழுதியது:

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரு வைத்தியரிடம் கேட்டு எழுதுகிறேன். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காமல், காசநோய் மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துச் சில நாள்களிலோ சில வாரங்களிலோ எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்குவது முறையான நடைமுறைதான். மாதக்கணக்கில் தள்ளினால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

நோய் கூடும் என்பதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. எச்.ஐ.வி. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் சீ.டி.4 கலங்கள் மீளும்; மீண்ட கலங்கள் நுரையீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் ஏற்கெனவே இருக்கும் காசநோய்க் கிருமியை அப்போதுதான் சரியாகக் கண்டு சண்டைக்குப் போகும். அதனால் முதற் சில வாரங்களில் காய்ச்சல் திரும்பலாம், கழுத்துக் கட்டி பெருக்கலாம், இருமல் கூடலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையென்று தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்தாமல் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். வீக்கத்தைத் தணிக்க மருந்து இருக்கிறது. கடுமையான தலையிடியோ, வாந்தியோ, நினைவுத் தடுமாற்றமோ வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

காசநோய் மருந்துகளில் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் ரிபாம்பிசின் என்ற மருந்து ஒன்று உண்டு. அது ஈரலை முடுக்கிவிட்டு டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை விரைவாகக் கழித்துவிடும். அதனால் இரண்டும் சேர்ந்து எடுக்கும் காலத்தில் டொலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு தரம் கொடுப்பார்கள். மற்றவர் ஒன்று குடிக்கிறாரே, எனக்கு ஏன் இரண்டு என்று அவர் ஒன்றைக் குறைத்துவிடக் கூடாது. மெலிந்தவர் என்று வீட்டில் இரும்புக் குளிசையோ கல்சியம் குளிசையோ, வயிற்றெரிவுக்கு அமிலநீக்கிப் பாணியோ கொடுத்தால், எச்.ஐ.வி. குளிசை குடிப்பதற்கு ஆறு மணித்தியாலம் முன்போ குடித்து இரண்டு மணித்தியாலம் பின்போ கொடுங்கள். சேர்த்துக் கொடுத்தால் அவை மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. வேறு எந்த மருந்தை எங்கே வாங்கினாலும், நாட்டு வைத்தியமாக இருந்தாலும், கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேட்ட பிறகே கொடுங்கள்.